வளையும், நீளாது

சுண்டல்காரர் பொட்டலம் மடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய நோட்டுத் தாள் ஒன்றை எடுப்பார், ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றுவார், இரண்டே விநாடியில் கூம்பு தயார். தாளில் ஒரு சுருக்கம் இருக்காது. அதே தாளைக் கொடுத்து ஒரு சாத்துக்குடியை ஒட்டினாற்போல் சுற்றித் தரச் சொல்லுங்கள். எத்தனை வருடக் கைப்பழக்கம் இருந்தாலும் சுருக்கமோ மடிப்போ விழாமல் அவரால் சுற்ற முடியாது. தாளை நீட்டாமல், கிழிக்காமல் உருண்டையின் மேல் படிய வைக்க யாராலும் முடியாது என்பதை 1827-இல் ஜெர்மானியக் கணித மேதை கார்ல் ஃபிரெடரிக் காஸ் நிறுவிவிட்டார்.

உலகத்திலேயே தாறுமாறான கட்டடங்களைக் கட்டியவர் என்று பெயரெடுத்தவர் ஃபிராங்க் கெரி. அவர் கட்டடத்தில் சுவர் நேராக நிற்காது. கூரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். பிடிக்காதவர்கள், குப்பைக்கூடையில் எறிந்த காகிதத்தைப் பார்த்துக் கட்டுகிறார் என்று கேலி செய்தார்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் விநோதமாகப் படலாம்: கெரியின் நல்ல கட்டடங்கள் சுண்டல் பொட்டலத்தின் விதிக்கு அடங்கியவை. அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட இடங்களில் ஜெயித்தார். வளைவு வேறு என்னவெல்லாம் செய்யும் என்று யோசிக்காத இடங்களில் மாட்டிக்கொண்டார்.

கெரி 1929-இல் கனடாவின் டொராண்டோவில் பிறந்தார். அப்போது அவர் ஃபிராங்க் கோல்ட்பெர்க். தாத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை. பாட்டி மரத் துண்டுகளைத் தரையில் கொட்டி, பேரனோடு உட்கார்ந்து வீடும் பாலமும் ஊருமாகக் கட்டி விளையாடுவாராம். அதே பாட்டி வியாழக்கிழமைகளில் உயிருள்ள கெண்டை மீன் ஒன்றை வாங்கிவந்து குளியல் தொட்டியில் விடுவார். மறுநாள் அது சமையலாகிவிடும். ஒரே ஒரு நாள் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்த அந்த மீனைப் பேரன் மறக்கவே இல்லை. பின்னாளில் மீன் விளக்கு செய்தார், மீன் சிற்பம் செய்தார், 1987-இல் ஜப்பானின் கோபே நகரில் ஓர் உணவகத்துக்குப் பக்கத்தில் பிரம்மாண்டமான மீன் ஒன்றை நிறுத்தினார்.

1947-இல் குடும்பம் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தது. லாரி ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டே படித்து, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1954-இல் கட்டடக்கலைப் பட்டம் வாங்கினார். யூதப் பெயர் முன்னேற்றத்துக்குத் தடையாகும் என்ற கவலையில், அதே ஆண்டு கோல்ட்பெர்க், கெரி ஆனது.

ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது அவருடைய சொந்த வீட்டால். சாண்டா மோனிகாவில் 1920-களின் பாணியில் ஒரு சாதாரண இளஞ்சிவப்பு வீட்டை வாங்கினார். அதை இடிக்காமல், அதைச் சுற்றி இன்னொரு வீட்டைக் கட்டினார். நெளி தகரம், ஒட்டுப்பலகை, மைதானத்துக்குப் போடும் கம்பி வலை வேலி, இவைதான் பொருள்கள். 1978-இல் வேலை முடிந்தபோது அக்கம்பக்கத்தார் கொதித்துப்போனார்கள். நம் ஊரில் மாட்டுக் கொட்டகைக்குப் போடும் தகரத்தைத் தெருவைப் பார்த்த முகப்பில் மாட்டினால் என்ன பேச்சு கிளம்புமோ, அதே பேச்சு அங்கும் கிளம்பியது. 2012-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் இதே வீட்டுக்கு, காலத்தைத் தாங்கி நின்ற கட்டடங்களுக்கான விருதைக் கொடுத்தது.

1988-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஃபிலிப் ஜான்சனும் மார்க் விக்லியும் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கெரி, ஸஹா ஹதீத், டேனியல் லிபஸ்கின்ட், ரெம் கூல்ஹாஸ், பீட்டர் ஐசன்மன், பெர்னார்ட் சூமி, கூடவே கூப் ஹிம்மல்ப்ளாவ் என்ற வியன்னாக் குழு. இந்த எழுவருக்கும் சேர்த்து ஒரு பெயர் சூட்டினார்கள். தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே பழக்கம்தான்: கட்டுடைப்பு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெரிதாவின் தத்துவத்துக்கு நம் விமர்சகர்கள் கொடுத்த சொல் அது. கட்டுவது என்றால் கட்டடம் எழுப்புவதும்தானே. தத்துவத்தைவிடக் கட்டடக்கலைக்கு அந்தச் சொல் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பேன். ஐசன்மனும் சூமியும் தெரிதாவோடு சேர்ந்தே வேலை செய்தவர்கள். கெரிக்குத் தெரிதாவும் வேண்டியிருக்கவில்லை, அந்தப் பட்டமும் பிடிக்கவில்லை. அவருடைய கேள்வி ரொம்ப எளிமையானது. அசையாத கல்லிலும் உலோகத்திலும் மீனின் அசைவை எப்படிக் கொண்டுவருவது?

கையில் மாதிரி செய்வது சுலபம். காகிதத்தையும் அட்டையையும் வெட்டி, வளைத்து, ஒட்டிப் பார்க்கலாம். மேஸ்திரிக்கு அதை எப்படிச் சொல்வது? நேர்ச் சுவர் என்றால் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண் போதும். வளைந்து நெளியும் பரப்புக்கு ஒவ்வொரு புள்ளியும் தனிக் கணக்கு. ஜெர்மனியின் வைல் அம் ரைனில் 1989-இல் திறந்த விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் சுருள் படிக்கட்டு, அவர் மனதில் இருந்த வழுவழுப்போடு வந்து சேரவில்லை. தட்டையான வரைபடத்தால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதே ஆண்டு அவருக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

தீர்வு விமானத் தொழிலிலிருந்து வந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸுக்காகக் கடற்கரையில் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓர் உலோக மீன் கட்டும் வேலை கெரிக்குக் கிடைத்தது. நேரமும் குறைவு, பணமும் குறைவு. அலுவலகத்தில் ஜிம் கிளிம்ஃப் என்ற கட்டடக் கலைஞர் தேடி அலைந்து, பிரான்ஸின் தாஸோ நிறுவனம் மிராஜ் போர் விமானங்களை வடிவமைக்க உருவாக்கிய கட்டியா என்ற மென்பொருளைக் கண்டுபிடித்தார். விமானத்தின் இறக்கையும் மீனின் முதுகும் கணிதத்துக்கு ஒரே சாதி. அதுவரை கட்டட உலகில் இருந்த வரைகலை மென்பொருள்கள் கோடுகளைத்தான் அறிந்திருந்தன. கட்டியா பரப்பையே சமன்பாடாக வைத்திருந்தது. எந்தப் புள்ளியைத் தொட்டுக் கேட்டாலும், அது தரையிலிருந்து எவ்வளவு உயரம், அங்கே வளைவு எவ்வளவு என்று சொல்லும்.

வளைவு எவ்வளவு என்ற கேள்விக்கு காஸ் ஓர் அழகான வழி சொல்லியிருக்கிறார். பரப்பின் மேல் ஒரு புள்ளியில் நின்று எல்லாத் திசைகளிலும் பாருங்கள். ஒரு திசையில் வளைவு மிக அதிகமாக இருக்கும், இன்னொரு திசையில் மிகக் குறைவாக. இந்த இரண்டையும் பெருக்குங்கள். உருட்டிய பாயில், நீளவாக்கில் வளைவே இல்லை, சுழியம். எனவே பெருக்கல் பலனும் சுழியம். சுண்டல் கூம்பும் அப்படியே, ஓட்டலில் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் நெய் ரோஸ்ட்டும் அப்படியே. சாத்துக்குடியில் இரண்டு திசையும் ஒரே பக்கம் வளைகின்றன. பலன் மிகை எண். குதிரைச் சேணத்தில் ஒரு திசை மேலே, மறுதிசை கீழே. பலன் குறை எண். காஸ் நிறுவியது இதுதான்: ஒரு பரப்பை நீட்டாமல், சுருக்காமல் எப்படி வளைத்தாலும் இந்தப் பெருக்கல் பலன் மாறாது. தட்டைத் தாளுக்கு அது சுழியம். அதனால் தாள் உருளையாகலாம், கூம்பாகலாம், அலையாகலாம். பந்தாக மட்டும் ஆகாது. தன்னுடைய இந்தத் தேற்றத்தைக் கண்டு காஸுக்கே வியப்பு. அதற்கு லத்தீனில் ‘சிறப்பு வாய்ந்த தேற்றம்’ என்றே பெயர் வைத்தார்.

தொழிற்சாலையில் உருளும் உலோகத் தகடும் ஒரு தாள்தான். ஒரு திசையில் வளைப்பதென்றால் கையாலேயே வளைத்து ஆணி அடிக்கலாம். இரண்டு திசையிலும் புடைக்க வேண்டுமென்றால் அச்சு செய்ய வேண்டும், அழுத்தி நீட்ட வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும். அதனால் கெரியின் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உருவானது. அவர் காகித மாதிரியைத் தன் இஷ்டத்துக்கு வளைத்து வைப்பார். எண்முறைக் கோல் ஒன்றால் அதன் மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டுக் கணினிக்குள் ஏற்றுவார்கள். காஸின் பெருக்கல் பலன் சுழியத்திலிருந்து விலகும் இடங்கள் திரையில் நிறம் மாறித் தெரியும். அங்கே மட்டும் வளைவைக் கொஞ்சம் தளர்த்துவார்கள், அல்லது பரப்பைத் துண்டாக வெட்டுவார்கள். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த டென்னிஸ் ஷெல்டன், இந்தக் கணிதத்தையே பொருளாக எடுத்துக்கொண்டு 2002-இல் முனைவர் பட்டம் வாங்கினார். மாதிரி செய்யக் காகிதத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு. காகிதம் செய்ய மறுப்பதைத் தகடும் செய்ய மறுக்கும். கெரியின் விரல்களுக்குத் தெரியாமலே காஸ் அங்கே உட்கார்ந்திருந்தார்.

இனி பில்பாவோ. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மக்களின் துறைமுக நகரம். எஃகு ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் நொடித்துப்போய், நெர்வியோன் ஆற்றங்கரை துருப்பிடித்துக் கிடந்தது. அங்கே 1997 அக்டோபரில் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது. 24,000 சதுர மீட்டர். தூணே இல்லாமல் 130 மீட்டர் நீளத்துக்கு ஓடும் ஒரு கூடம். ஆற்றுப் பக்கமிருந்து பார்த்தால் பாய்மரக் கப்பலா, மீனா, பூவா என்று தீர்மானிக்க முடியாத வெள்ளிநிற மேடு.

போர்வை டைட்டானியம். முதலில் துருப்பிடிக்காத எஃகைத்தான் நினைத்திருந்தார்கள். பில்பாவோ மழை ஊர். சாம்பல் நிற வானத்தின் கீழ் எஃகு செத்துக் கிடந்தது. டைட்டானியத் துண்டு ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே ஒரு கம்பத்தில் அடித்து வைத்திருந்தார் கெரி. லாஸ் ஏஞ்சலீஸில் அபூர்வமாக மேகம் மூடிய ஒரு நாளில் அது பொன்னிறமாக ஒளிர்ந்ததைப் பார்த்துவிட்டார். டைட்டானியம் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் போகிற விலை உயர்ந்த உலோகம். ஆனால் சோவியத் ஒன்றியம் உடைந்த பின் ரஷ்யாவின் கையிருப்பு சந்தையில் கொட்டி, விலை சரிந்திருந்த நேரம் அது. அந்தச் சிறு இடைவெளிக்குள் வாங்கி முடித்துவிட்டார்கள்.

ஏறத்தாழ 33,000 தகடுகள். ஒவ்வொன்றின் தடிமனும் 0.38 மில்லிமீட்டர், கல்யாணப் பத்திரிகை அட்டை அளவுக்குத்தான். இவ்வளவு மெல்லிசாக ஏன்? ஒரு தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும், நடுவில் ஒன்றும் நடக்காது. வெளிப்பக்கம் எவ்வளவு இழுபடுகிறது என்பதற்குக் கணக்கு சுலபம்: தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆரத்துக்கு வளைத்தால், 0.19-ஐ 1000-ஆல் வகுக்க, சுமார் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. டைட்டானியம் இதைப்போல் சில மடங்கு இழுபட்டாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். சூடு வேண்டாம், அச்சு வேண்டாம், தொழிலாளி சாரத்தில் நின்றபடி வளைத்துப் பொருத்தலாம். மூன்று சென்டிமீட்டர் கல் பலகையில் இதே வளைவுக்குக் கணக்குப் போட்டால் நூற்றில் ஒன்றரைப் பங்கு வருகிறது. கல் அதற்கு வெகு முன்பே இரண்டாகிவிடும். தகடு மெல்லியதாக இருப்பதால் காற்று பலமாக அடித்தால் லேசாகப் படபடக்கும், ஒவ்வொரு தகடும் தலையணைபோல் கொஞ்சம் உப்பியிருக்கும். கெரி அதைக் குறையாக எண்ணவில்லை. அவர் தேடிய அசைவு இலவசமாகக் கிடைத்தது.

உள்ளே எஃகுச் சட்டகம் பெரும்பாலும் நேரான துண்டுகள்தான். வளைவெல்லாம் தோலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பட்டைக் குறியீடு ஒட்டி அனுப்பினார்கள். களத்தில் அதைப் படித்தால், அது வானத்தில் எந்தப் புள்ளியில் உட்கார வேண்டும் என்று கட்டியா மாதிரி சொல்லும். லேசர் கருவி இடம் காட்டும். தாறுமாறானது என்று பெயர் வாங்கிய கட்டடம், குறித்த காலத்தில், ஒதுக்கிய பணத்துக்குள் முடிந்தது. பெருங்கட்டடங்களின் வரலாற்றில் இது எவ்வளவு அபூர்வம் என்பது நம் ஊர் மேம்பாலங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். ‘பில்பாவோ விளைவு’ என்று ஒரு தொடரே பிறந்தது. நொடித்த நகரங்கள் எல்லாம் நட்சத்திரக் கட்டடக் கலைஞர்களைத் தேடி ஓடின. பெரும்பாலும் ஏமாந்தன. பில்பாவோ அதே காலத்தில் ஆற்றைச் சுத்தம் செய்தது, 1995-இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோவைத் திறந்தது என்பதைப் பலர் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

அடுத்தது லாஸ் ஏஞ்சலீஸின் வால்ட் டிஸ்னி இசையரங்கம். டிஸ்னியின் மனைவி லில்லியன் 1987-இல் கொடுத்த 5 கோடி டாலரில் தொடங்கி, பணமில்லாமல் நின்று, மறுபடி எழுந்து, 2003-இல் திறந்தது. 2,265 இருக்கைகள். வளைவின் நன்மையும் தீமையும் ஒரே கட்டடத்தில் வேண்டுமென்றால் இங்கே போகலாம்.

உள்ளே ஒலியியல் பொறுப்பு ஜப்பானியரான யசுஹிசா டொயோட்டாவுக்கு. அரங்கைப் பத்தில் ஒரு பங்கு அளவில் மரத்தால் செய்து பார்த்தார்கள். அளவு பத்தில் ஒன்றானால் ஒலியின் அலைநீளமும் பத்தில் ஒன்றாக வேண்டும். அப்படியென்றால் அதிர்வெண் பத்து மடங்கு, காதுக்கே எட்டாத ஒலி. அந்த அதிர்வெண்ணில் காற்றின் ஈரம் ஒலியைக் குடித்துவிடும். எனவே மாதிரிக்குள் நைட்ரஜனை நிரப்பிச் சோதித்தார்கள். குழிந்த பரப்பு ஒலியை ஓரிடத்தில் குவிக்கும், புடைத்த பரப்பு எங்கும் பரப்பும். அதனால் மரக்கூரை கேட்பவர்களை நோக்கிப் பாய்மரம்போல் புடைத்திருக்கிறது. இசைஞர்கள் அந்த அரங்கைக் கொண்டாடுகிறார்கள்.

குழிந்த பரப்பு குவிக்கும் என்பது ஒலிக்குப் பொருந்துவதுபோல் ஒளிக்கும் பொருந்தும். வெளியே, நிறுவனர் அறை என்ற பகுதியில், குழிந்த சுவர்கள் சிலவற்றைக் கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகால் போர்த்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் குழியாடி படித்த எவருக்கும் விஷயம் புரியும்: வளைவு ஆரத்தில் பாதித் தூரத்தில் வெயில் குவியும். அந்தத் தூரத்தில் நடைபாதை இருந்தது. அங்கே 60 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் பதிவானது. எதிர்வீட்டுக்காரர்கள் வெக்கை தாங்காமல் புகார் செய்தார்கள். 2005-இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மெருகை மழுக்கிய பிறகு சரியானது. ஒலிக்காக நைட்ரஜன் வரை போனவர்கள், வெயிலுக்காக ஒரு டார்ச் விளக்கைக்கூட மாதிரியின் மேல் அடித்துப் பார்க்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கலிஃபோர்னியாவில் வெயில் என்ன அதிசயமா?

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்டாட்டா மையத்தில் சிக்கல் தண்ணீர். 2004-இல் திறந்த கட்டடம். ஒழுகுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, சாய்ந்த பரப்புகளிலிருந்து பனிக்கட்டி சரிந்து விழுகிறது என்று கழகம் 2007-இல் வழக்குப் போட்டது. 2010-இல் சமரசமானது. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒழுகல் எங்கே தொடங்கும் என்று தெரியும்: இரண்டு கூரை சேரும் மூலையில். அந்தக் கட்டடம் முழுக்க அப்படிப்பட்ட மூலைகள்.

பொட்டலத்தின் விதியை மீறியும் பார்த்திருக்கிறார். சியாட்டிலில் 2000-இல் திறந்த இசை அருங்காட்சியகம் எல்லாத் திசையிலும் புடைத்து நெளிகிறது. சாத்துக்குடியைச் சுற்றும் வேலைதான். வழி என்ன? தாளைப் பொடிப்பொடியாக வெட்டுவது. சுமார் 21,000 சிறு உலோகத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறையத் தட்டை, மொத்த உடல் உருண்டை. பாட்டியின் தொட்டியில் சுற்றிய கெண்டைக்கு இந்த வித்தை தெரியும். செதில் என்பது அதுதானே. யோசனை நல்லது, ஆனால் கட்டடம் எனக்கு அழகாகப் படவில்லை. காகிதம் போட்ட கட்டுப்பாடு போனதும் வடிவம் கொழகொழவென்று ஆகிவிட்டது.

பாரிஸில் 2014-இல் திறந்த லூயி விட்டன் அறக்கட்டளைக் கட்டடத்தில் விதிக்குத் திரும்பினார். பன்னிரண்டு கண்ணாடிப் பாய்மரங்கள், சுமார் 3,600 கண்ணாடிப் பலகைகள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. பாய்மரம் இரு திசையிலும் வளைகிறது. ஆனால் தனிப் பலகை ஒவ்வொன்றும் உருளையின் ஒரு துண்டுதான், ஒரே திசை வளைவு. அதனால்தான் உலையில் அவற்றைக் கட்டுப்படியாகும் செலவில் வளைக்க முடிந்தது. அப்போது அவருக்கு 85 வயது. 2025 டிசம்பரில், 96 வயதில், சாண்டா மோனிகாவில் காலமானார்.

2005-இல் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரில் கெரி தன் குரலிலேயே தோன்றினார். வந்த கடிதத்தைக் கசக்கித் தரையில் எறிவார். கிடக்கும் காகிதத்தைப் பார்த்து, ஆகா என்று ஓர் இசையரங்கம் வடிப்பார். வேடிக்கைக்காக ஒப்புக்கொண்டது, கடைசிவரை அவரைத் துரத்தியது. ஜனங்கள் அதை நிஜமென்றே நம்பிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு தாளை எடுத்து நன்றாகக் கசக்குங்கள். பிறகு பிரித்து, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துவிட்டு அளந்து பாருங்கள். நூற்றுக்கணக்கில் மடிப்பு விழுந்திருக்கும், கூர்முனைகளில் நார் லேசாகப் பிய்ந்திருக்கும். தாள் கொஞ்சமும் நீண்டிருக்காது.